ஒரு முறம் தவிடும் ஒரு தத்துவத் துறையும்

1

சென்ற மாதம் இங்கிலாந்திலிருந்து எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. கையெழுத்து வாங்க வந்த தபால்காரர், "உள்ள என்ன அக்கா, கல்லா லா?" என்று கேட்டார்; இங்கே எந்தப் பேச்சுக்கும் ஒரு 'லா' வால் உண்டு. பிரித்துப் பார்த்தால் கறுப்பு அட்டை போட்ட கனமான புத்தகம். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையில் சுலோச்சனா என்கிற நம் ஈப்போ பெண் எழுதி, டாக்டர் பட்டம் வாங்கிய ஆய்வு. என் வீட்டுக்காரர் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, கல்லே தேவலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் மகள் நான்காம் படிவம், நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு மாதிரி, படிக்கிறாள். அவளுக்கு மலாயும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் 'ழ' எங்கே வரும் என்று கேட்டால் மட்டும் சீலிங்கைப் பார்ப்பாள். அவள்தான் பக்கங்களைப் புரட்டி, "மா, இங்க பாருங்க, ஈப்போல மனு டைப் பண்ற அம்மான்னு போட்டிருக்கு. இது நீங்கதான லா?" என்றாள். நான்தான். பெயர் போடவில்லை, போட வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். ஆனாலும் அன்று சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாம், அந்தச் சீமையில் என்ன விசேஷம் என்று கேட்கிறீர்கள். இத்தனை வருஷமாக மழையைப் பற்றியும் மகளின் பரீட்சையைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றிவிட்டேன். இன்று ஓர் ஆராய்ச்சியைப் பற்றி எழுதப்போகிறேன். பயப்படாதீர்கள், எனக்குப் புரிந்தது எல்லோருக்கும் புரியும்.

2

நான் காரைக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே என்ன செய்கிறேன் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தால், நம் வீட்டுப் பெண் நடைபாதையில் உட்காருகிறாளா என்பீர்கள். ஆமாம், உட்காருகிறேன். ஒரு சீனர் காப்பிக் கடையின் ஐந்தடியில், அதாவது கூரை போட்ட கடைமுன் நடைபாதையில், ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம், கார்பன் தாள், இரண்டு முக்காலி. எதிரே அரசாங்க அலுவலகங்கள். மலாயில் படிவத்துக்கு போராங் என்று பெயர். நாள் முழுக்க மற்றவர்களுக்குப் போராங் நிரப்பித் தருவதால் நான் 'போராங் அக்கா'.

இந்த நாட்டில் அடையாள அட்டைக்கு நிறம் உண்டு. குடிமக்களுக்கு நீலம். இங்கேயே குடியிருந்தும் குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும், அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். எழுபதுகளில் தோட்டம் தோட்டமாக இந்தக் கதைதான். மனு எழுத வரும் அநேகம் பேர் இங்கே, ரப்பர் மரத்தடியிலேயே பிறந்தவர்கள். பிறந்ததற்குக் காகிதம் கேட்டால் "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னால" என்பார்கள். அதற்கெல்லாம் போராங்கில் கட்டம் கிடையாது.

சிரிக்காதீர்கள். என் கதை மட்டும் என்ன வாழ்கிறது? ஜாதகப்படி நான் ஐப்பசியில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கை போன போக்கில் ஜூன் மாதம் என்று எழுதினார். பாஸ்போர்ட்டிலும் அதுதான். என் மகள் ஒவ்வொரு ஜூனிலும் கேக் வாங்கி வந்து மெழுகுவர்த்தியை ஊதச் சொல்கிறாள். வாத்தியாருக்காக நானும் ஊதுகிறேன்.

சரி, இந்த ஆராய்ச்சிக்குள் வந்துவிட்ட தவிட்டம்மாளுக்கு வருகிறேன்; சில வருஷத்துக்கு முன் நடந்தது. பீடோர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் கீறிப் பால்வெட்டுபவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிவப்பு அட்டை. தோட்டம் கைமாறப்போகிறது, புது நிர்வாகம் நீல அட்டைக்காரர்களை மட்டும்தான் வைத்துக்கொள்ளும் என்று பேச்சு. பெர்மிட்டும் வருஷக் கடைசியில் முடிகிறது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷனும் இல்லை. மற்றவர்களிடம் இல்லாத ஒரு பொக்கிஷம் அவளிடம் இருந்தது: அசல் பிறப்புச் சான்றிதழ். அதைப் பார்த்ததும், "கவலையே படாதே, உன் காரியம் முடிந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாரம் அழுதுகொண்டு வந்தாள். மனு தள்ளுபடி. அதிகாரி அவளிடம் தாயார் பெயரைக் கேட்டிருக்கிறார். "முனியம்மா" என்றிருக்கிறாள். சான்றிதழில் இருப்பது அங்கம்மாள். அப்படியானால் இது உன் சான்றிதழே இல்லை, உன்னுடையதைக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மேல்மனு போட ஒரு வாய்ப்பு இருந்தது, ஒன்றே ஒன்று.

3

அந்த வாரம்தான் சுலோச்சனா என் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். ரயில்வே கிராணியின், நம் ஊர் பாஷையில் குமாஸ்தாவின், மகள். முப்பது வயது, குட்டை முடி, தோளில் துணிப்பை. பல வருஷம் வெளிநாட்டில் இருந்ததில் தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. தத்துவம் படிக்கிறேன் என்றாள்.

"அத எந்தக் கடையில விக்கிறாங்க தங்கச்சி?" என்று கேட்டேன். எனக்கு வாய் அப்படி.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கடையே கெடைக்கலக்கா, அதான் உங்க கடைக்கு வந்துட்டேன்" என்றாள். அப்போதே எனக்குப் பிடித்துப் போயிற்று.

அவள் ஆராய்ச்சி இதுதான். நமக்குத் தெரியும் என்று நாம் சொல்லிக்கொள்வதில் முக்கால்வாசி பிறர் சொல்லித் தெரிந்ததுதான். நாம் எங்கே பிறந்தோம், யாருக்குப் பிறந்தோம் என்பதுகூட. தான் பிறந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. அப்படியானால் பிறர் சொல்லை நம்புவது அறிவா, வெறும் நம்பிக்கையா? சொல்கிறவர் யோக்கியர்தான் என்று தனியாக நிரூபித்த பிறகுதான் நம்ப வேண்டும் என்று அவள் துறையில் ஒரு கட்சி. சந்தேகப்படக் காரணம் இல்லாதவரை நம்பலாம் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் நாற்காலியில் உட்கார்ந்தே சண்டை போடுகின்றன. சொன்ன சொல்லுக்குச் சாட்சி தேடி அலைகிறவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று இவள் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

நான் சின்ன வயதில் ஊர் மடத்தில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவள். "இதுல என்ன புதுசு? காண்டல், கருதல், உரைன்னு நம்மகிட்ட மூணு அளவை இருக்கே. கண்ணால பார்க்கறது, யோசிச்சுத் தெரிஞ்சுக்கறது, நம்பத் தகுந்தவங்க சொல்றது" என்றேன்.

அவள் பேனாவை எடுத்துவிட்டாள். "மறுபடி சொல்லுங்கக்கா" என்றாள். மூன்று தரம் சொல்ல வைத்து எழுதிக்கொண்டாள். அந்த 'உரை' பெரியோர் அருளிய நூல்களைக் குறிப்பது, லயத்து அம்மாக்கள் பேச்சை அல்ல என்று உண்மையையும் சொன்னேன். "ஏன் அல்ல?" என்று கேட்டாள்.  மடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இப்படி ஐந்து வாரம் என்னோடு உட்கார்ந்தாள். வந்தவர்கள் பேசுவதைக் கேட்பாள், அனுமதி கேட்டு எழுதுவாள். ஆரம்பத்தில் ஒரு பால்வெட்டு அம்மாளிடம் "உங்கள் அறிவுக்கு ஆதாரம் என்ன?" என்று இலக்கணச் சுத்தமாகக் கேட்டதும் அந்த அம்மாள் "எதுக்கும்மா திட்டுறே?" என்று எழுந்து போய்விட்டாள். பிறகு, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

4

தவிட்டம்மாளின் கதையைக் கேட்டதும், அந்த அங்கம்மாளைப் பார்க்க வேண்டும் என்றாள் சுலோச்சனா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவுக்கு வந்திருந்த தவிட்டம்மாளையும் கூட்டிக்கொண்டு மூவரும் பஸ் பிடித்துப் போனோம். பீடோரில் இறங்கி, அங்கிருந்து ஒரு மீன் லாரியில் தோட்டத்துக்கு. எனக்குப் புடவை நாறியது. தத்துவத்துக்கு நாறவில்லை போலிருக்கிறது, வழியெல்லாம் எழுதிக்கொண்டே வந்தாள்.

அங்கம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். கண் தெளிவு, காதும் தெளிவு, வாய் எல்லாவற்றையும்விடத் தெளிவு. கதையை அவளே சொன்னாள்.

முனியம்மாளுக்கு முதல் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நான்காவது பிறந்தபோது லயத்துப் பெண்கள் கூடி முடிவு செய்தார்கள். எமன் முனியம்மா பிள்ளை எங்கே என்று தேடித்தானே வருகிறான்? அது முனியம்மா பிள்ளையே இல்லை என்றால்? அங்கம்மாளுக்கு அப்போதே மூன்று பிள்ளைகள், மூன்றும் கல்லுக்குண்டு. மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் அளந்து கொடுத்து, குழந்தையை அங்கம்மாள் வாங்கிக்கொண்டாள். தவிட்டம்மாள் என்று பெயர் வைத்தாயிற்று. நம் பக்கத்திலும் இது உண்டு; எங்கள் தெருவிலேயே ஒரு தவிடன் இருந்தான்.

மூன்றாம் நாள் தோட்டத்துக் கிராணி பிறப்பு எழுத வந்தார். குழந்தை அங்கம்மாள் மடியில் இருந்தது. "யார் பிள்ளை?" என்று கேட்டார்.

"அத்தனை பொம்பளைங்களும் ஒரே வாயா, அங்கம்மா பிள்ளைன்னு சொன்னோம்" என்றாள் அங்கம்மாள். "மாத்திச் சொன்னா எமன் காதுல விழுந்துராதா? கிராணிக்கும் எமனுக்கும் தனித்தனியா பதில் சொல்ல முடியுமா தங்கச்சி?"

பிறகு குழந்தையை முனியம்மாளிடமே கொடுத்துவிட்டாள், வளர்ப்பதற்கு என்று சொல்லி. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: அது முனியம்மாளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. தவிட்டம்மாள் தன்னைப் பெற்றவளைக் கடைசிவரை 'பெரியம்மா' என்றே கூப்பிட்டாள். முனியம்மாள் அதற்குத் தலையாட்டியே வாழ்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன் செத்தும் போனாள்.

எனக்குத் தொழில் புத்தி. உடனே வழி தெரிந்துவிட்டது. "ரொம்ப நல்லதாப் போச்சு. மேல்மனுவில அங்கம்மாதான் எங்கம்மான்னு எழுதிருவோம். அன்னைக்குப் பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு ஒரு வரி. முடிஞ்சது" என்றேன்.

தவிட்டம்மாள் மாட்டேன் என்றாள்.

"ஏன்?"

"உசுரோட இருந்தப்ப ஒரு நாள்கூட அம்மான்னு கூப்பிடலக்கா. செத்தப்புறம் அவங்க எங்கம்மா இல்லைன்னு கையெழுத்து வேற போடணுமா? வேல போனா போவட்டும்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வீட்டை விட்டு எங்கே போவாய், செத்தவள் வந்து சோறு போடுவாளா என்று என்னென்னவோ பேசிவிட்டேன். இன்று நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவள் எங்களுக்குக் காப்பி போட எழுந்து போனாள்.

5

திரும்பும் பஸ்ஸில், வழியில் வரும் தாப்பா ஊர் வரைக்கும் சுலோச்சனா எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு, "எல்லாத்தையும் எழுதினா என்னக்கா?" என்றாள்.

"எல்லாத்தையும்னா?"

"தவிடு, முறம், எமன், கிராணி. முழுசா."

நான் சிரித்துவிட்டேன். இருபது வருஷமாகப் போராங் நிரப்புகிறவள் நான். அதிகாரிக்கு வேண்டியது கட்டத்துக்குள் அடங்குகிற பதில். முழு உண்மையைக் கொட்டினால் பைத்தியம் என்று மூடி வைத்துவிடுவார். அதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் விடவில்லை. மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து, கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"அக்கா, தவிட்டம்மா எதை நிரூபிக்கணும்? அம்மா யாருன்னா, இல்ல, எங்க பொறந்தாங்கன்னா?"

"எங்க பொறந்தான்னுதான்."

"முனியம்மா எந்த லயம்?"

"அதே லயம். பக்கத்து வீடு."

"அப்ப எந்த அம்மாவா இருந்தாலும் பொறந்த எடம் ஒண்ணுதான லா?"

நான் தட்டச்சிலிருந்து கையை எடுத்தேன். இருபது வருஷ அனுபவத்துக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் மேலே போனாள். பொய் சொல்கிறவர் தனக்கு லாபம் வருகிற மாதிரிதான் சொல்வார். கையில் இருக்கும் சான்றிதழைக் கெடுக்கிற பேச்சை ஒருத்தி ஏன் சொல்ல வேண்டும், அது உண்மையாக இருந்தாலொழிய? அவளுக்குக் கெடுதல் செய்த அந்தப் பதிலே அவளை நம்புவதற்குக் காரணம். அவள் பேசப் பேச எனக்கும் ஒன்று பிடிபட்டது.

"பேரு!" என்றேன். "சான்றிதழ்ல பிள்ளை பேரு தவிட்டம்மாள்னு இருக்கே. தவிட்டுக்கு வாங்காத பிள்ளைக்கு யாராவது அந்தப் பேரு வைப்பாங்களா? மூணாம் நாள் கிராணி கையால எழுதின சாட்சி அது!"

சுலோச்சனா எழுந்து நின்றுவிட்டாள். பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து, அதில் ஒரு பக்கத்தைக் குறுக்காக அடித்தாள். என்ன அது என்று கேட்டேன். பொய்யாக எழுதப்பட்ட ஆவணத்தை வைத்துக்கொண்டு எதையும் அறிய முடியாது என்று ஆறு மாதமாக எழுதி வைத்திருந்த பகுதியாம். "தப்பு. நீங்களும் அங்கம்மாவும் தப்புன்னு காட்டிட்டீங்க" என்றாள், பரிசு விழுந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டு.

எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது அந்த நிமிஷம்தான். எத்தனையோ படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தான் எழுதியது தப்பு என்று தெரிந்தால் முகம் கறுத்துப் போகும், இல்லாவிட்டால் சொன்னவர் மேல் விழுந்து பிடுங்குவார்கள். இவள் தன் கையாலேயே அடித்து, நன்றியும் சொன்னாள். இப்படிப்பட்டவர்களை உண்டாக்கும் ஒரு துறை உலகத்தில் இருக்கிறது என்றால், அதை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்ட என் வாயை நானே அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மேல்மனு மூன்று பக்கம் வந்தது. அவள் ஆங்கிலத்தில் யோசித்தாள், நான் மலாயில் தட்டினேன். தவிட்டம்மாள் வந்தபோது ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினோம். முனியம்மாள் பெயர் வந்த இடத்தில் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

6

விசாரணைக்கு அங்கம்மாள் வந்தாள். வெள்ளைச் சேலை, வெற்றிலைப் பை, எதற்கும் அஞ்சாத பார்வை. மொழிபெயர்க்க நான். ஓரத்தில் சுலோச்சனா. அதிகாரி முதலில் பார்த்த அதே மலாய்க்காரர், ஐம்பது வயது இருக்கும். மூன்று பக்கத்தையும் படித்திருந்தார் என்பது ஓரத்தில் இருந்த பென்சில் கோடுகளிலிருந்து தெரிந்தது.

"இந்தப் பெயருக்கு உண்மையிலேயே அர்த்தம் தவிடுதானா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம் துவான். டெடாக்."

"கோழிக்குப் போடுகிற டெடாக்கா?" என்று தவிட்டம்மாளை ஒரு தரம் பார்த்தார். பிறகு அங்கம்மாளிடம் திரும்பி, "மக்சிக், நீங்கள் இவருக்குத் தாயா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"பெத்தவ முனியம்மா, வாங்குனவ நானு" என்றாள் அங்கம்மாள். "கிராணிகிட்ட பொய் சொன்னது நாங்கதான். பிள்ளை சாகக் கூடாதுன்னு சொன்னோம். தப்புன்னா என்னைப் புடிச்சு உள்ள போடச் சொல்லு. இவ சின்னப் புள்ள, இவளுக்கு என்ன தெரியும்?"

அப்படியே மொழிபெயர்த்தேன். நாற்பத்தைந்து வயதுச் சின்னப் பிள்ளையைப் பார்த்து அதிகாரி சிரித்தார். தன் அண்ணனுக்கும் குழந்தையில் சீக்கு வந்ததாம். பாரிட் புந்தாரில் அவர்கள் வீட்டார் பெயரை மாற்றி வைத்து, சில நாள் பக்கத்து வீட்டில் வளர்த்தார்களாம். பிறந்த இடத்தில் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அவர் பேனாவை எடுக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. தாய் பெயருக்குப் போராங்கில் ஒரே கட்டம். சான்றிதழில் உள்ளபடி அங்கம்மாள் என்று எழுதினால் மனு இன்றே மேலே போகும். முனியம்மாள் என்று எழுத வேண்டுமானால் முதலில் சான்றிதழைத் திருத்த வேண்டும். அது வேறு அலுவலகம், வருஷக் கடைசிக்குள் முடியாது. தவிட்டம்மாளே முடிவு செய்யட்டும், நான் காத்திருக்கிறேன் என்றார்.

அதைத் தமிழில் சொல்லும்போது நான் தவிட்டம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். வேலை போனா போவட்டும் என்பாள். அங்கம்மாளும், "முனியம்மா பேரையே எழுதச் சொல்லுடி, எனக்கு எதுக்கு?" என்று முணுமுணுத்தாள்.

தவிட்டம்மாள் தன் கையைப் பார்த்தாள். ரப்பர் பாலில் கறுத்துப்போன நகங்கள். பிறகு அதிகாரியையே பார்த்து, நிதானமாகத் தமிழில் சொன்னாள்:

"அங்கம்மான்னே எழுதுங்க துவான். எங்கம்மா நான் பொழைக்கணும்னுதான் தன் பேரையே எடுத்துட்டாங்க. இப்பவும் நான் பொழைக்கத்தான் இங்க வந்து நிக்கிறேன். அவங்க பேரு வேணாம். ஆனா முனியம்மாதான் எங்கம்மா. நான் சொல்லிட்டேன், நீங்க கேட்டுட்டீங்க. அது போதும்."

மொழிபெயர்க்க வேண்டியவள் நான். நானோ முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன். இருபது வருஷத்தில் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை. துருப்பிடித்த தமிழும் அரைகுறை மலாயுமாக இருந்த சுலோச்சனாதான் ஓரத்திலிருந்து எழுந்து வந்து, திக்கித் திக்கி, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

அதிகாரி அங்கம்மாள் பெயரைக் கட்டத்தில் எழுதினார். பேனாவை மூடினார்.

"கேட்டேன்" என்றார், தவிட்டம்மாளைப் பார்த்து.

விசாரணை முடிந்த நாலாம் மாதம், பெர்மிட் முடியும் முன்பே, நீல அட்டை வந்தது. தவிட்டம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். மறுநாள் விடியும் முன் அவள் வேலைக்கு ஆஜர் கொடுக்க வேண்டும்.